முதல் பக்கத்துப் படம்

எரிகிற மார்க்கெட், முன்னால் முகமெல்லாம் கரி அப்பிய ஒரு பெரியவர். அவன் எடுத்த அந்தப் படம்தான் இன்று பேப்பரின் முதல் பக்கம். ஆபீஸிலேயே தங்கிவிட்டுக் காலையில் வீட்டுக்கு வந்தவனுக்குப் பாராட்டு போன் ஓயவில்லை. மனைவி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“படம் எப்படி?” என்று அவனே வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

“இவர் யாரு?”

“யாருக்குத் தெரியும்? அந்தப் புகையில பேர் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? ‘கடையை இழந்த வியாபாரி’ன்னு போட்டுட்டோம்.”

“கையில காயம் பட்டிருக்கே. தண்ணியாவது கொடுத்தீங்களா?”

“அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. நாங்க எதுலயும் தலையிடக் கூடாது. யாரையும் ‘நில்லு’ன்னுகூடச் சொல்ல மாட்டேன். அதான் எங்க தொழில் தர்மம்.”

அவள் தீப்புண் களிம்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். இவள் எங்கே சுட்டுக்கொண்டாள்? குழம்பியபடியே பின்னால் போனான்.

கட்டிலில் அவளுடைய அப்பா. கையில் கட்டு, மடியில் பேப்பர்.

“சாமான் வாங்கப் போன இடத்துல தீயில மாட்டிக்கிட்டேன்” என்றார் அவர் சங்கடமாக. “உங்களைப் பார்த்ததும்தான் உயிரே வந்துச்சு. ‘மாப்பிள்ளை’ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க கேமராவிலிருந்து கண்ணை எடுக்காம ‘அசையாதீங்க’ன்னு கத்தினீங்க. அப்படியே நின்னுட்டேன்.”

பேப்பரை அவன் பக்கம் திருப்பினார்.

“ஆடாம வந்திருக்கா, மாப்பிள்ளை?”