ஆவி படிந்த கல்

நகைக்கடையில் வைரம் பார்ப்பவர், கல்லின் மேல் வாயால் ஊதிப் பார்ப்பார். ஆவி சட்டென்று மறைந்தால் வைரம், தங்கினால் போலி. "ஊதியே சம்பாதிக்கிற ஆளு" என்று அவர் மனைவி கிண்டலடிப்பாள்.

அன்று ஒருவர், தன் மனைவியின் மோதிரத்தை விற்க வந்தார். இவர் ஊதுவதற்கு முன்பே கல்லில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது, மூச்சு விட்டாற்போல.

"வீட்டம்மா வரலீங்களா?"

"ஊருக்குப் போய் மூணு நாளாச்சு. கல்லு அசல்தானே?"

"அசல்தாங்க" என்றார். ஆவி வரும் இடைவெளியை மனசுக்குள் எண்ணினார். முதலில் பத்து எண்ணுவதற்குள் வந்தது. அடுத்து இருபதானது.

"இன்னும் என்ன பாக்குறீங்க?"

இப்போது நூறைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தார். கல் துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்று மின்னியது.