ஒரே ஒரு அடி

“மேஸ்திரி, நடுச்சுவரை ஒரே ஒரு அடி தள்ளிக் கட்டிடுங்க. யாருக்கும் தெரியக் கூடாது.”

டிரைவர் குனிந்து மேஸ்திரியின் காதுக்குள் சொன்னார். மேஸ்திரி டீ கிளாஸைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்தார்.

“எந்தப் பக்கமா சார்?”

டிரைவர் கண்ணால் காட்டினார்.

“நெஜமாவா? டெய்லர் சாருக்குத் தெரிஞ்சா?”

“தெரிஞ்சா விட்டுடுவானா? அதனாலதான் சொல்றேன். வாயைத் திறக்க மாட்டேன்னு கரணை மேல சத்தியம் பண்ணுங்க.”

மேஸ்திரி சிமென்ட் பூசும் கரணையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

டிரைவர் குடும்பமும், வயதான அப்பாவோடு இருக்கும் டெய்லர் குடும்பமும் பதினொரு வருஷமாக ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டு வாடகைக்காரர்கள். இப்போது சேர்ந்து ஒரு மனை வாங்கி, நடுவில் ஒரே சுவர் வைத்து, தோளோடு தோள் ஒட்டிய இரட்டை வீடு கட்டுகிறார்கள். சேர்ந்து வீடு கட்டியவர்கள் அடித்துக்கொண்ட கதைகளைச் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் இரண்டு வீட்டிலும் ஜன்னல், குழாய், சுவிட்ச் எல்லாம் எண்ணி எண்ணி, சரிசமம்.

சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று, டெய்லர் மேஸ்திரியின் டேப்பை நம்பவில்லை. தன் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பாலேயே மனையை அளந்தார். பாதி நாள் ஆனது.

“பாத்துக்கோ டிரைவரே. உனக்குப் பதினெட்டு அடி, எனக்குப் பதினெட்டு அடி. இந்தக் கோட்டை எவன் நகர்த்தினாலும் அவனோட எனக்குப் பேச்சு கிடையாது.”

“நூல் பிசகாது டெய்லரே” என்று கையடித்துக் கொடுத்திருந்தார் டிரைவர். அது முந்தாநாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னங்க, திருட்டு முழி முழிக்கிறீங்க?”

கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக அவளிடம் டிரைவருக்குப் பொய் சொல்ல வந்ததில்லை. விஷயத்தைக் கக்கிவிட்டார்.

“ஐயையோ! அந்த அண்ணன் முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?”

“ஒரு அடிதானேடி!”

“ஒரு அடின்னா பன்னெண்டு இன்ச்சு. அவரு டெய்லருங்க. ரோட்டுல போறவன் இடுப்பையே கண்ணால அளக்கிற ஆளு. அவரு வீட்டு அக்காவுக்குத் தெரிஞ்சா அதே செங்கல்லை எடுத்து நம்ம மண்டையில போடுவாங்க.”

“பூச்சு பூசிட்டா ஒண்ணும் தெரியாது.”

அவள் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“ஒரு அடி போதுமாங்க?”

சுவர் எழும்பும்வரை டெய்லரை மனைப் பக்கம் விடக் கூடாது. டிரைவர் தன் பழைய பேன்ட்டுகள் ஆறைச் சுருட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போனார்.

“எல்லாத்தையும் பிரிச்சுத் தைக்கணும் டெய்லரே. அவசரம்.”

“அதுக்கென்ன, தைச்சுட்டாப் போச்சு. நீயும் மனைப் பக்கம் போகாதே. ஒரே தூசி, உனக்குத் தும்மல் வரும். மேஸ்திரியை அவர் பாட்டுக்கு வேலை செய்ய விடுவோம்.”

எவ்வளவு நம்பிக்கை! ஏழாவதாக ஒரு பேன்ட்டும் கொடுத்திருக்கலாமோ என்று டிரைவருக்குத் தோன்றியது.

ஒன்பதாம் நாள் மேஸ்திரி போன் செய்தார்.

“ரெண்டு வீட்டுக்காரங்களும் உடனே வாங்க சார். நடுச்சுவர்ல ஒரு சிக்கல்.”

“சொன்னேன்ல!” என்றாள் மனைவி.

போய்ச் சேர்ந்தபோது டெய்லர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். முன்சுவர் ஆளுயரத்துக்கு எழும்பி, உள்ளே இருப்பதை மறைத்தது. டெய்லர் டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்ச் டேப்பின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

டிரைவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“டெய்லரே, தப்பு என் மேலதான். கோட்டை நகர்த்தச் சொன்னது நான்.”

டெய்லரின் வாயிலிருந்து டேப் நழுவியது. “நீயா? நான் சொன்னதுதான் வெளிய வந்துடுச்சுன்னு இல்ல பயந்துட்டு நிக்கிறேன்!”

“அண்ணே! நீங்களுமா?” என்றாள் டிரைவரின் மனைவி.

“அடப்பாவி! பேச்சு கிடையாதுன்னு சொல்லிட்டு நீயே நகர்த்தினியா?”

“நூல் பிசகாதுன்னு கையடிச்சவன் நீ! நீ மட்டும் ரொம்ப ஒழுங்கோ?”

டெய்லர் எம்பி, டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்தார். அவரே தைத்த காலர், அதனால் கிழியவில்லை.

“சண்டையை உள்ள வந்து போடுங்க சார், இங்க சிமென்ட் ஈரமா இருக்கு” என்று மேஸ்திரி இருவரையும் வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே, ஒரு நடுச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுவர்கள் நின்றன.

“டெய்லர் சாரோட அப்பாவுக்குச் சக்கர நாற்காலி திரும்ப இடம் வேணும்னு நீங்க சுவரை உங்க பக்கமா ஒரு அடி உள்ள தள்ளச் சொன்னீங்க, உங்க காலு கட்டிலைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கும், பாவம்னு அவரு சுவரை அவர் பக்கமா ஒரு அடி உள்ள தள்ளச் சொன்னாரு” என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணித் தொலைச்சதால ரெண்டு சுவராவே கட்டிட்டேன், நடுவுல இருக்கிற சந்துல யாரைக் குடி வைக்கிறதுன்னு மட்டும் பேசிச் சொல்லிடுங்க.”