பன்னிரண்டாவது வீடியோ

“இதுல எங்கடி கால எடுத்திருக்க?” என்றாள் அக்கா.

கைப்பேசித் திரையில், இரண்டு மண்மேடுகளுக்கு நடுவே, மலை சைக்கிளோடு நான் அந்தரத்தில் இருந்தேன். வலது கால் பெடலில்தான் இருந்தது.

“எடுத்தேன்க்கா. சத்தியமா. நல்லா நீட்டினேன்.”

“ஷூவுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு காகிதம்கூட நுழையாது. இதுக்குப் பேரு நீட்டுறதா?”

தாவும்போது ஒரு காலைப் பெடலிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். தரை வருமுன் திரும்ப வைத்துவிட வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

பதினோரு தடவை தாவியாயிற்று. மேலே இருக்கும்போது கால் வானம்வரைக்கும் விரிந்த மாதிரி இருக்கிறது. இறங்கி வந்து பார்த்தால் பெடலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

போதாக்குறைக்கு, நான் தாவுகிற நேரம் பார்த்துப் படம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடுகிறது.

“நீ ஏன்க்கா கைய ஆட்டுற?”

“பயத்துல ஆடத்தான் செய்யும். ஆறு வாரம் உனக்கு ஊட்டிவிட்டவ நான்.”

போன வருடம் இதே மேட்டில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அக்காதான் டூட்டி நர்ஸ். அதிலிருந்து, அவள் கூட வராமல் நான் சைக்கிளைத் தொடக்கூடாது.

இன்று மதியம் இன்னொரு சட்டம் போட்டாள். இருட்டுவதற்குள் வித்தை வர வேண்டும். வராவிட்டால் சைக்கிள், அவளுடைய ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டுக்குப் போய்விடும். அவர் தன் மகளுக்காக எப்போதிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

“கடைசி ஒன்னு. அவ்வளவுதான்,” என்றாள்.

சரிவின் உச்சிக்கு உருட்டிக்கொண்டு போனேன். பிரேக்கை விட்டேன்.

மேடு என்னைத் தூக்கி எறிந்தது. இந்தத் தடவை காலைப் பற்றி யோசிக்கவில்லை. முட்டியை மட்டும் வெளியே விட்டேன். திரும்ப வைக்கப் போனபோது ஒரு கணம் பெடல் அங்கே இல்லை.

பிறகு இருந்தது. இரண்டு சக்கரங்களும் மண்ணைத் தொட்டன.

“அக்கா! வீடியோல வந்துச்சா?”

அவள் கையில் கைப்பேசி தலைகுப்புறத் தொங்கிக்கொண்டிருந்தது.

“பாத்துட்டே இருந்துட்டேன்டி,” என்றாள்.

வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். நான் சரிவில் வருகிறேன். அப்புறம் படம் கீழே சரிந்து, புல் தெரிகிறது. புல்லில் அழுந்தி நிற்கும் அவளுடைய வெள்ளை ஷூ. ஒன்று மட்டும்.

இன்னொன்று பக்கவாட்டில் நீண்டு, தரையைத் தொடாமல் நின்றிருந்தது.

அக்கா கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளைப் பிடுங்கி, எங்கள் வீட்டுப் பக்கமாக உருட்டத் தொடங்கினாள்.

நான் அங்கேயே நின்று முந்தின பதினொன்றையும் போட்டுப் பார்த்தேன். நடுங்குகிற கை இப்படியும் அப்படியும் ஆடும். படம் அப்படி ஆடவில்லை. என் சக்கரம் மேட்டை விட்டு எழும்பும் அதே நேரத்தில், பதினோரு தடவையும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்தது. ஒற்றைக் காலில் நிற்கிறவள் சாய்கிற மாதிரி.

“அங்க என்னடி நின்னுக்கிட்டு?” தூரத்திலிருந்து கத்தினாள். “சீக்கிரம் வா. நாளைக்கு இடது கால்.”