இதயத்தை ஓட வைக்கிற மருந்து

“மரக்கட்டைக்கு இதயம் எங்க டாக்டர் இருக்கு, நீங்க தேடிப் படம் பிடிக்க?”

கேட்டது மனைவி. மரக்கட்டை என்பது, சட்டையைக் கழற்றிவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த அவள் கணவர். டாக்டர் சிரித்துக்கொண்டே அவர் நெஞ்சில் பிசுபிசுவென்று ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார்.

அவள் அப்படிச் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மனுஷர் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டிலும் ‘ம்’ என்ற ஒற்றை எழுத்தை வைத்தே குடும்பம் நடத்திவிட்டார். சமையலறைத் திரைச்சீலை தீப்பிடித்து எரிந்தபோதுகூட, பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “ம், தண்ணி ஊத்து” என்றவர் அவர்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கொஞ்ச நாளாக, குளித்துவிட்டு வந்து துண்டைக் கொடியில் போடுவதற்குள் மூச்சு இரைத்தது.

முதலில் காட்டிய இடத்தில், “இதய வால்வு சுருங்கியிருக்கு. ஆனா வால்வுகிட்ட அழுத்தம் கம்மியாத்தான் காட்டுது, பயமில்ல” என்று சொல்லிவிட்டார்கள். அவரும் “ம்” என்று நடையைக் கட்டினார். அவள்தான் மனசு கேட்காமல் இங்கே இழுத்து வந்தாள்.

“அழுத்தம் ஏன் கம்மி? வால்வு பரவாயில்லாம இருக்கிறதாலயா, இல்ல, தள்ளி விடுற இதயத்துக்கே தெம்பு இல்லாததாலயா? அதாம்மா தெரியணும்” என்றார் இந்த டாக்டர். “மருந்து ஏத்தி, இதயத்தைக் கொஞ்ச நேரம் வேகமா ஓட விட்டுப் பார்ப்போம். வால்வுதான் குற்றவாளின்னா, நெஞ்சைத் திறக்காம கால் ரத்தக்குழாய் வழியாவே புது வால்வு வச்சிடலாம். ஆள் பழையபடி நடமாடுவார்.”

“அப்படி இல்லன்னா?”

“மாத்திரைய வச்சு ஓட்ட வேண்டியதுதான்.”

எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நர்ஸ் அவர் கையில் ஊசியைக் குத்தி, மருந்து ஏற்றும் பம்ப்பின் குழாயை மாட்டினாள். “டாக்டர், இந்த மருந்து பம்ப்பு...” என்று இழுத்தாள்.

“ஆகட்டும், ஆகட்டும்” என்றார் டாக்டர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். நர்ஸ் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து எதையோ உருட்டத் தொடங்கினாள்.

மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் காதோரம் குனிந்தாள்.

“இந்தாங்க, கேக்குதா? மரக்கட்டை, மண்ணாங்கட்டின்னு நான் திட்டுறதெல்லாம் வெறும் வாய்தான். எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும். இத்தன வருஷத்துல இத ஒரு தடவகூட சொன்னதில்ல, பாருங்க. இன்னொரு தடவ கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாலும் உங்களத்தான் பண்ணிப்பேன். என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க.”

குரல் உடைந்துவிட்டது. அவரோ மூடிய கண்ணைத் திறக்கவில்லை. ஒரு ‘ம்’ கூட வரவில்லை. அவளுக்கு அழுகையோடு கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

“அடடா! ஓடுது பாருங்க, ஓட்டம்!” டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். “அழுத்தம் மடமடன்னு ஏறுது, வால்வோட துவாரம் மட்டும் விரியவே மாட்டேங்குது. கையும் களவுமாப் பிடிச்சாச்சு! வால்வுதாம்மா குற்றவாளி. மாத்திடலாம். மருந்துன்னா இதுதான் மருந்து!”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய வாயும் வந்துவிட்டது.

“அநியாயத்தப் பாத்தீங்களா! கட்டின பொண்டாட்டி அழுது சொன்னா அசையல, மருந்துக்கு மட்டும் இந்த ஓட்டமா? டாக்டர், அதுல ரெண்டு பாட்டில் வீட்டுக்கும் எழுதிக் குடுங்க.”

கட்டிலுக்குப் பின்னாலிருந்து நர்ஸ் எழுந்தாள். கையில் பம்ப்பின் பிளக், முகத்தில் திருதிரு முழி.

“மருந்து இன்னும் ஒரு சொட்டுகூட ஏறல டாக்டர்!”