இருநூற்றைத் தாண்டிய எண்

வார்டு வாசலில் நின்ற டபுதானி, காலிச் சுரைக்குடுவையைச் சால்வைக்குள் இறுக்கி மறைத்துக்கொண்டாள். உள்ளே டாக்டர் ஒகேயோ நர்ஸிடம் பேசியது காதில் விழுந்தது.

"ஒரே ராத்திரியில எண் இருநூறைத் தாண்டிருச்சு. காய்ச்சல் இல்லேன்னு அசந்துடாதீங்க. உள்ள கிருமி வேலையை ஆரம்பிச்சாச்சு."

அவள் கணவன் சிகிலாய்க்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கட்டியை வெட்டியெடுத்து, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்து இன்றோடு நான்கு நாள். தையல் ஆறும்வரை வாயில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தையல் விட்டால் காய்ச்சலுக்கு முன்பே ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தினமும் விடியலில் ரத்தம் எடுத்து, அழற்சியைக் காட்டும் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தார்கள்.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து வருகிறவனுக்கே முர்சிக் பால் கொடுத்து வரவேற்கிற ஊர். சாவை ஜெயித்தவனுக்கு ஒரு வாய் புளித்த பால் கிடையாதா? நேற்று மாலை நர்ஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பால் குடுவையை அவன் கையில் திணித்துவிட்டு வந்தாள்.

காலையில் போய் எடுத்தபோது அது காலி. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட பக்கத்துக் கட்டில் பெரியவர், எந்நேரமும் சிடுசிடுப்பவர், அதிசயமாகக் கைதூக்கி அவளை வாழ்த்தினார்.

இப்போது அவளால் தாங்க முடியவில்லை. டாக்டரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தன் கையாலேயே புருஷனைக் கொன்றுவிட்டதாக அழுதாள்.

அவர் சத்தம் போட்டுத் திட்டினார். பிறகு கோப்பைப் புரட்டிப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நேத்து தொண்ணூறு, இன்னிக்கு அறுபது. இறங்கிட்டுதான் இருக்கு. நான் சொன்னது வேற ஆளைப் பத்தி."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாலைக் குடித்தும் தப்பித்தது கடவுள் செயல் என்று தேம்பினாள்.

சிகிலாய் சோர்வாகச் சிரித்தான்.

"நான் எங்க குடிச்சேன்? மூத்தவர் பக்கத்துல இருக்கையில முதல் மடக்கு அவருக்குத்தானே? மனுஷன் ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."