விட்டுப்போன எட்டு

"பென்சில்ல எழுதியிருக்கேன். அது மேலயே தைச்சுக் குடு. வேடிக்கைய விழாவுல வந்து பாரு" என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனார் கணக்கு வாத்தியார் சுருளிவேல்.

அவர் மனைவி ராமுத்தாய் சிவப்பு நூலைக் கோத்தபடி படித்தாள்: 12345679.

'அடப்பாவமே! எட்டை விட்டுப்புட்டாரே. ஊரே சிரிக்குமே!'

கேட்டால் மனுஷன் கூசிப்போவார். சத்தமில்லாமல் இடையில் ஓர் எட்டைத் தைத்து, துணியைச் சுருட்டிக் கொடுத்தாள்.

பள்ளி ஆண்டு விழா. மேடையில் துணி விரிந்தது.

"இதை ஒன்பதால பெருக்குங்க சார். விடையில அம்புட்டு இலக்கமும் ஒண்ணாவே வரும்" என்றார் வாத்தியார்.

பள்ளி இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் பெருக்கினார். "என்னங்க, ஊடால ஒரு சைபர் வருதே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வாத்தியார் திரும்பித் துணியைப் பார்த்தார்.

"எட்டு இருக்கக் கூடாது சார். அது இல்லாட்டித்தான் எல்லாம் ஒண்ணா வரும். அதான் இந்த எண்ணோட விசேஷம்."

"அப்ப எட்டை யாரு போட்டது?"

பெண்கள் வரிசையில் தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தாள் ராமுத்தாய். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார். பழக்கதோஷம்" என்றார்.