ஞாயிற்றுக்கிழமை ஜீப்

"மறுபடியும் சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குதுங்க."

"போனை இன்ஜின் கிட்ட கொண்டு போ."

காட்டுப் பாதைக்காக ஜீப்பில் புது ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாட்டிய கணவர், கார்புரேட்டரைச் சரிசெய்வதற்குள் கப்பல் வேலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவர் போனில் சொல்லச் சொல்ல, அவள் அதன் ஸ்க்ரூவைத் திருகுகிறாள். மற்றபடி, "சாப்பிட்டியா, சரி" என்று இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிற மனுஷர்.

"காத்து கூடிப்போச்சு, பெட்ரோல் பத்தல. ஸ்க்ரூவைக் கால் சுத்து வெளியே திருப்பு... இன்னும் கொஞ்சம்... மெதுவா! ஜாடி மூடியா அது?"

"அப்ப நீங்களே வந்து திருகுங்களேன்."

சொல்லிக்கொண்டே அவள் மெதுவாகத் திருகினாள். இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியது. இருவரும் வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரியாயிடுச்சுங்க" என்றாள், மனசே இல்லாமல்.

"ஆறு வாரமா இதே ஸ்க்ரூ. யாரும் கை வைக்காம அது எப்படித் தானா உள்ளே போகும்?"

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் பக்கத்துல இருக்கிற ஐடிலிங் ஸ்க்ரூவையும் சேர்த்துக் கலைச்சு வை" என்றார், குரல் தணிந்து. "இது ஒண்ணுன்னா பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோயிடுது."